கேஸ் போடும் முன் கையை வையுங்கள்: கார் ஏசி கோளாறைக் கண்டுபிடிக்கும் வழி

"கூலிங் வரலை, கேஸ் போட்டு விடுங்க." வண்டியிலிருந்து இறங்கும்போதே பலரும் இதைத்தான் சொல்கிறார்கள். கார் ஏசி வேலை மட்டுமே பார்க்கிறவன் நான். என்ன கோளாறு என்று பார்ப்பதற்கு முன்பே மருந்தை முடிவு செய்துவிடுகிற இந்தப் பழக்கத்தை மாற்ற வேண்டும் என்பதற்காகத்தான் இதை எழுதுகிறேன்.

பெட்ரோல் எரிந்து தீரும். ஏசி கேஸ் தீராது. மூடிய குழாய்களுக்குள் திரும்பத் திரும்பச் சுற்றிவரும் பொருள் அது. ரப்பர் ஹோஸ் வழியாகவும் கேஸை அழுத்திச் சுற்றவைக்கும் கம்ப்ரசரின் தண்டு சீல் வழியாகவும் வருடக்கணக்கில் கொஞ்சம் கசிவது இயல்புதான். ஆனால் போட்ட கேஸ் சில மாதத்தில் குறைந்தால் எங்கோ ஓட்டை இருக்கிறது என்று அர்த்தம். ஓட்டையைத் தேடாமல் கேஸ் போடுவது வேலையே இல்லை. அதைவிட முக்கியம், கூலிங் இல்லாமல் வரும் வண்டிகளில் கணிசமானவற்றில் கேஸ் சரியாகவே இருக்கும். அடைத்துப்போன ஃபில்டர், சுற்றாத ஃபேன், பிக்கப் ஆகாத (கம்ப்ரசரை இன்ஜினோடு இணைக்காத) கிளட்ச் என்று வேறு எங்கோ கோளாறு இருக்கும்.

அதனால் என் வரிசை எப்போதும் ஒன்றுதான்: முதலில் காற்று, அடுத்து கரண்ட், கடைசியில் கேஸ். இந்த வரிசையில் போனால் பாதி வேலை கருவி இல்லாமலே முடியும்.

கேஸ் போகும் பாதை

ஊசி போடும் முன் கையில் தடவும் ஸ்பிரிட் ஆவியாகும்போது தோல் சில்லென்று ஆகிறதே, ஏசியின் அடிப்படை அதுதான். திரவம் ஆவியாகும்போது சுற்றியுள்ள வெப்பத்தை இழுத்துக்கொள்ளும். திரும்பத் திரவமாகும்போது அந்த வெப்பத்தை வெளியே கொட்டும். 1990களின் நடுவிலிருந்து பெரும்பாலான கார்களில் இருப்பது ஆர்134ஏ என்ற கேஸ். திறந்த வெளியில் அது மைனஸ் 26 டிகிரியிலேயே கொதித்துவிடும். அதை அழுத்தத்தில் வைத்து, எங்கே கொதிக்க வேண்டும், எங்கே திரவமாக வேண்டும் என்று நாம் தீர்மானிக்கிறோம்.

பாதையைக் கையால் தொட்டே தெரிந்துகொள்ளலாம். இன்ஜினை ஓடவிட்டு, ஏசியை முழுக் குளிருக்கு வையுங்கள். புளோயர் நடு வேகத்தில் இருக்கட்டும், வெளிக்காற்றை மூடி உள்காற்றே சுற்றும்படி செய்யுங்கள். பத்து நிமிடம் கழித்து பானெட்டைத் திறங்கள். சட்டைக் கையை மடித்துக்கொள்ளுங்கள், தொங்கும் சங்கிலி, துப்பட்டா எதுவும் பெல்ட் அருகே போகக்கூடாது.

கம்ப்ரசரிலிருந்து இரண்டு குழாய் வரும். ஒன்று மெல்லியது, மற்றது தடித்தது. மெல்லிய குழாயில் கேஸ் அழுத்தப்பட்டு வெளியே போகிறது. கை வைத்தால் சுடும். விரலை வைத்ததும் எடுத்துவிடுங்கள், பிடித்துக்கொண்டிருக்கக் கூடாது. அந்தக் குழாய் ரேடியேட்டருக்கு முன்னால் நிற்கும் கண்டென்சருக்குப் போகிறது. அங்கே காற்றுப் பட்டு கேஸ் வெப்பத்தை இழந்து திரவமாகிறது. கண்டென்சரிலிருந்து வெளியே வரும் குழாய் வெதுவெதுப்பாக இருக்க வேண்டும். உள்ளே போகும் குழாய்க்கும் வெளியே வரும் குழாய்க்கும் நல்ல வித்தியாசம் தெரிய வேண்டும். அடுத்தது டிரையர், ஈரத்தையும் தூசியையும் பிடித்துவைக்கும் டப்பா. இப்போது பல வண்டிகளில் அது கண்டென்சரின் பக்கவாட்டிலேயே ஒட்டியிருக்கிறது.

டிரையரைத் தாண்டி எக்ஸ்பான்ஷன் வால்வு. ஊசிமுனை அளவுத் துளை வழியே திரவம் பீய்ச்சப்படும்போது அழுத்தம் சட்டென்று விழுகிறது. அந்த இடத்திலிருந்து எல்லாமே குளிர். டேஷ்போர்டுக்குள் இருக்கும் கூலிங் காயிலில் கேஸ் கொதித்து, உள்ளே இருக்கும் காற்றின் வெப்பத்தை எடுத்துக்கொண்டு, தடித்த குழாய் வழியாக மறுபடி கம்ப்ரசருக்கு வந்துசேரும். அந்தத் தடித்த குழாய் சில்லென்று இருக்க வேண்டும், காற்றில் ஈரம் இருந்தால் வியர்த்திருக்க வேண்டும்.

இந்தத் தொடு சோதனை ஒன்றே நிறையச் சொல்லும். தடித்த குழாய் நன்றாகக் குளிர்ந்து வியர்த்திருக்கிறது, ஆனால் உள்ளே சூடான காற்றுதான் வருகிறது என்றால் கேஸையும் கம்ப்ரசரையும் விட்டுவிடுங்கள். கோளாறு டேஷ்போர்டுக்குள். டிரையரின் ஒரு பக்கம் வெதுவெதுப்பாக, மறு பக்கம் குளிர்ச்சியாக இருந்தால் டிரையர் அடைத்திருக்கிறது. வெதுவெதுப்பாக இருக்க வேண்டிய வழியில் எங்கே திடீரென்று குளிர் ஆரம்பிக்கிறதோ, அங்கேதான் அடைப்பு. எல்லாக் குழாயும் ஒரே சூட்டில் இருந்தால் கம்ப்ரசர் வேலை செய்யவில்லை, அல்லது கேஸ் கிட்டத்தட்ட இல்லை.

முதலில் காற்று

உள்ளே உட்கார்ந்து புளோயரை முழு வேகத்தில் வையுங்கள். சத்தம் பெரிதாக, காற்று சிறிதாக வந்தால் கேபின் ஃபில்டரைக் கழற்றிப் பாருங்கள். பெரும்பாலான கார்களில் குளோவ் பாக்ஸுக்குப் பின்னால் இருக்கும், ஸ்க்ரூடிரைவர்கூடத் தேவைப்படாது. ஃபில்டரைக் கழற்றி வைத்துவிட்டு ஏசியைப் போட்டுப் பாருங்கள். காற்று நன்றாக வந்தால் விடை கிடைத்துவிட்டது. நான் கழற்றும் ஃபில்டர்கள் பலவற்றில் இலை, முடி, சில நேரம் எலிக்கூட்டின் பஞ்சுகூட இருக்கும்.

புளோயர் கடைசி வேகத்தில் மட்டும் ஓடி மற்ற வேகங்களில் ஓடவில்லையா? மோட்டார் நன்றாக இருக்கிறது, ரெசிஸ்டர் போய்விட்டது. ரெசிஸ்டரை மாற்றும்போது அதன் கனெக்டரையும் பாருங்கள். பிளாஸ்டிக் உருகியிருந்தால் புது ரெசிஸ்டரும் சீக்கிரம் போகும்.

இன்னொரு புகார் அடிக்கடி வரும். கிளம்பும்போது நல்ல குளிர், ஒரு மணி நேரம் ஓடிய பிறகு காற்று குறைந்துகொண்டே வந்து நின்றே போகிறது, ஏசியை அணைத்துக் கொஞ்ச நேரம் கழித்துப் போட்டால் மறுபடி நன்றாக வருகிறது. இது கூலிங் காயிலில் பனி படிவது. காயிலில் ஒட்டும் தண்ணீர் உறைந்து காற்றுக்கு வழியை அடைத்துவிடுகிறது. வண்டியை நிறுத்தியதும் கீழே வழக்கத்தைவிட அதிகமாகத் தண்ணீர் கொட்டும், உருகும் பனிதான் அது. காயிலின் வெப்பத்தைப் பார்த்து கம்ப்ரசரை நிறுத்த வேண்டிய தெர்மிஸ்டர் சென்சார் பழுதாக இருக்கலாம், அல்லது இடம் நழுவியிருக்கலாம். அழுக்கு ஃபில்டரால் காற்று குறைந்தும் இது வரும். கேஸ் குறைந்தாலும் வரும்: அழுத்தம் விழுந்து காயிலின் ஒரு மூலை மட்டும் அதிகமாகக் குளிர்ந்து உறையும்.

குழாய் குளிர்ந்திருந்தும் வென்ட்டில் சூடான காற்று வருகிறது என்று மேலே சொன்னேன் அல்லவா, அதற்குக் காரணம் பெரும்பாலும் ஹீட்டர் கலக்கும் தகடு. அந்தத் தகட்டைச் சின்ன மோட்டார் திருப்புகிறது. அந்த மோட்டாரின் சக்கரத்தில் பல் உடைந்தால் டேஷ்போர்டுக்குள் 'டக் டக்' என்று ஒரே சீராகச் சத்தம் கேட்கும். உறுதிப்படுத்த எளிய வழி உண்டு. இன்ஜினை நிறுத்தி ஆறவிட்டு, ஹீட்டருக்குச் சுடுதண்ணீர் போகும் ரப்பர் ஹோஸைப் பிளாஸ்டிக் கிளாம்ப்பால் மெதுவாக நெரித்துவிட்டு, ஏசியைப் போட்டுப் பாருங்கள். இப்போது குளிர்ந்தால் ஏசியில் குறை இல்லை, சூடு கலக்கிறது. கிளாம்ப்பை எடுக்க மறக்க வேண்டாம்.

கால் மிதியடி நனைந்திருந்தால் காயில் தண்ணீர் வெளியேறும் டிரெய்ன் குழாய் அடைத்திருக்கும், கீழிருந்து மெல்லிய வளையும் பிளாஸ்டிக் கம்பியால் சுத்தம் செய்யலாம். பூஞ்சை நாற்றம் வந்தால் காயிலைச் சுத்தம் செய்வதோடு, சேருமிடம் வர ஐந்து நிமிடம் இருக்கும்போது ஏசி பட்டனை அணைத்துவிட்டு புளோயரை மட்டும் ஓடவிடும் பழக்கம் உதவும். காயில் காய்ந்துவிடும்.

வெளிக்காற்றும் முக்கியம். ஓடும்போது குளிர்கிறது, சிக்னலில் நின்றால் சூடாகிறது என்றால் என் பார்வை நேராக கண்டென்சர் ஃபேனுக்குப் போகும். வண்டி ஓடும்போது எதிர்க்காற்றே கண்டென்சரை ஆற்றுகிறது. நின்றதும் அந்த வேலை முழுக்க ஃபேனுடையது. ஏசி போட்டதும் ஃபேன் சுற்ற ஆரம்பிக்க வேண்டும். சில வண்டிகளில் ஹை சைடு (கம்ப்ரசரிலிருந்து எக்ஸ்பான்ஷன் வால்வு வரையுள்ள பக்கம்) அழுத்தம் ஏறிய பிறகுதான் சுற்றும், அதனால் சில நிமிடம் காத்திருங்கள். சந்தேகம் இருந்தால், நின்றபடி ஏசி ஓடும்போது கண்டென்சர்மேல் தண்ணீரைத் தெளித்துப் பாருங்கள். உடனே உள்ளே குளிர் கூடினால் கேஸில் குறை இல்லை, வெப்பம் வெளியேற வழியில்லை. கண்டென்சருக்கும் ரேடியேட்டருக்கும் நடுவே சேரும் தூசிப்படலம் முன்னாலிருந்து பார்த்தால் தெரியாது. டார்ச் அடித்து மேலிருந்து பாருங்கள். கழுவும்போது வாட்டர் சர்வீஸ் பீச்சுக்குழாயைக் கிட்டே வைக்காதீர்கள், தகடுகள் மடங்கிக் காற்றே போகாது.

கிளட்ச்: பொறுமையாகப் பார்க்க வேண்டிய இடம்

1940 மாடல் பேக்கார்ட் காரில்தான் தொழிற்சாலையிலேயே பொருத்திய ஏசி முதலில் வந்தது. அதில் கம்ப்ரசருக்குக் கிளட்ச் இல்லை. ஏசி வேண்டாமென்றால் பெல்ட்டைக் கழற்ற வேண்டும். இன்று அந்த வேலையை ஒரு மின்காந்தம் செய்கிறது.

கம்ப்ரசர் புல்லி இன்ஜின் ஓடும்வரை சுற்றிக்கொண்டேதான் இருக்கும். அதன் முன்னால் இருக்கும் தட்டு ஏசி போட்டதும் 'டக்' என்று ஒட்டிச் சேர்ந்து சுற்ற வேண்டும். அதைத்தான் பிக்கப் என்கிறோம். தட்டு அசையாமல் நின்றால் கம்ப்ரசர் ஓடவில்லை.

ஃபியூஸைப் பாருங்கள். ரிலேயை, பக்கத்தில் இருக்கும் அதே எண்ணுள்ள ஹார்ன் ரிலேயோடு மாற்றிப் போட்டுப் பாருங்கள். அதன் பிறகு கிளட்ச் கனெக்டரில் டெஸ்ட் லைட் வையுங்கள். லைட் எரிந்தும் தட்டு ஒட்டவில்லை என்றால் கிளட்சில் கோளாறு. லைட் எரியவில்லை என்றால் கரண்ட் வருவதை ஏதோ ஒன்று தடுக்கிறது. அது பெரும்பாலும் பிரஷர் சுவிட்ச். கேஸ் அழுத்தம் (அதை பிஎஸ்ஐ என்ற அலகில் அளக்கிறோம்) சுமார் 30 பிஎஸ்ஐக்குக் கீழே போனாலோ, சுமார் 450 பிஎஸ்ஐயைத் தாண்டினாலோ கம்ப்ரசரைக் காப்பாற்ற அது கரண்டைத் துண்டிக்கும். அளவு வண்டிக்கு வண்டி மாறும். புது வண்டிகளில் சுவிட்சுக்குப் பதில் சென்சார் இருக்கும், ஸ்கேனர் வைத்தால் அழுத்தமே எண்ணாகத் தெரியும். இன்ஜின் சூடேறினாலும் கம்ப்யூட்டர் ஏசியை நிறுத்திவிடும், அதையும் நினைவில் வையுங்கள்.

பிரஷர் சுவிட்சில் ஒயரை ஷார்ட் செய்து கம்ப்ரசரை ஓட்டிக் காட்டுகிறவர்கள் இருக்கிறார்கள். தயவுசெய்து அனுமதிக்காதீர்கள். கம்ப்ரசருக்கு வேண்டிய ஆயில் கேஸோடு சேர்ந்துதான் சுற்றி வருகிறது. கேஸ் இல்லாமல் ஓடினால் ஆயில் திரும்பி வராது, உள்ளே உரசிப் பிடித்துவிடும்.

ஒரு வண்டியைப் பற்றி விரிவாகச் சொல்ல வேண்டும். காலையில் கிளம்பும்போது குளிரும், நெடுந்தூரம் ஓடினால் நின்றுபோகும், நிழலில் நிறுத்தி ஆறவிட்டால் மறுபடி குளிரும். உரிமையாளர் அதற்குள் இரண்டு இடத்தில் கேஸ் மாற்றியிருந்தார், பலன் இல்லை. நான் வண்டியை ஓடவிட்டு, அது நிற்கும்வரை பக்கத்திலேயே காத்திருந்தேன். நின்றதும் கனெக்டரில் பார்த்தால் 12 வோல்ட்டுக்கு மேல் வருகிறது, தட்டு மட்டும் அசையவில்லை. இன்ஜினை நிறுத்தித் தட்டுக்கும் புல்லிக்கும் நடுவே இடைவெளி அளக்கும் மெல்லிய தகடான ஃபீலர் கேஜ் விட்டேன். 0.9 மில்லிமீட்டர் தாராளமாக உள்ளே போனது.

அந்த இடைவெளி பொதுவாக 0.3 முதல் 0.6 மில்லிமீட்டருக்குள் இருக்க வேண்டும். தட்டு தேயத் தேய இடைவெளி கூடும். கிளட்ச் காயில் செம்புக் கம்பி, குளிர்ந்த நிலையில் பெரும்பாலும் 3 முதல் 5 ஓம் காட்டும். செம்பின் மின்தடை ஒவ்வொரு டிகிரிக்கும் சுமார் 0.4 சதவீதம் கூடும். இன்ஜின் சூட்டில் காயில் 60 டிகிரி ஏறினால் தடை கால் பங்கு கூடிவிடும், கரண்ட் அதற்கேற்பக் குறையும், காந்தத்தின் இழுவையும் குறையும். இடைவெளி சரியாக இருந்தால் இந்தக் குறைவு தெரியவே தெரியாது. இடைவெளி அதிகமானால் காலையில் இழுக்கும் காந்தம் மதியம் தோற்றுப்போகும்.

தட்டின் நடு போல்ட்டைக் கழற்றி, தட்டை எடுத்து, தண்டில் இருந்த மெல்லிய ஷிம் வாஷர்களில் ஒன்றை எடுத்துவிட்டுத் திரும்பப் பூட்டினேன். இடைவெளி 0.5க்கு வந்தது. கையால் சுற்றிப் பார்த்தேன், எங்கும் உரசவில்லை. மூன்று இடத்தில் அளந்தேன், ஒரே அளவு. வெயிலேறிய பிறகும் கூலிங் நிற்கவில்லை. கேஸ் குழாயைத் தொடவே இல்லை. கிளட்ச் எல்லாவற்றிலும் ஷிம் இருக்காது, ரொம்பத் தேய்ந்த தட்டுக்கு இது தீர்வும் ஆகாது. ஆனால் "சூடானால் நிற்கிறது" என்று கேட்டால் கேஸ் அழுத்தம் பார்க்கும் கேஜை எடுக்கும் முன் ஃபீலர் கேஜை எடுங்கள்.

கிளட்ச்சே இல்லாத கம்ப்ரசர்களும் உண்டு. தட்டு எப்போதும் சுற்றும், உள்ளே பம்ப் செய்யும் அளவை ஒரு மின் வால்வு கூட்டிக் குறைக்கும். அவற்றில் 'டக்' சத்தத்தைத் தேடிப் பயனில்லை. கம்ப்ரசர் இறுகினால் பெல்ட்டைக் காப்பாற்ற முன்தட்டின் உள்வளையம் உடைந்துகொள்ளும்படி செய்திருப்பார்கள். புல்லி சுற்றி, நடு போல்ட் நின்றால் அதுதான் நடந்திருக்கிறது.

கேஜ் என்ன சொல்கிறது

இதற்கு மேல் கருவியும் பழக்கமும் வேண்டும். கண்ணாடியும் கையுறையும் இல்லாமல் குழாயைத் திறக்காதீர்கள். மைனஸ் 26 டிகிரியில் கொதிக்கும் திரவம் கண்ணில் பட்டால் கண் உறைந்துவிடும்.

இன்ஜின் நின்றிருக்கும்போது கேஜ் காட்டும் அழுத்தத்தை வைத்துக் கேஸ் அளவைச் சொல்ல முடியாது. இதை அழுத்திச் சொல்கிறேன், பலர் இங்கேதான் தவறுகிறார்கள். 30 டிகிரி வெப்பத்தில் ஆர்134ஏ சுமார் 97 பிஎஸ்ஐ காட்டும். உள்ளே 500 கிராம் இருந்தாலும் 200 கிராம் இருந்தாலும் அதே 97தான், திரவமாகக் கொஞ்சம் மிச்சம் இருக்கும்வரை. நின்ற வண்டியில் அழுத்தம் இருந்தால், காலியாகவில்லை என்பது மட்டும் தெரியும்.

ஓடும்போது பார்க்கும் எண்களுக்குக் காரணம் தெரிந்துவிட்டால் மனப்பாடம் செய்ய வேண்டியதில்லை. லோ சைடில் (எக்ஸ்பான்ஷன் வால்வைத் தாண்டி கம்ப்ரசர் வரையுள்ள குளிர்ப் பக்கம்) 28 பிஎஸ்ஐ என்றால் ஆர்134ஏ 0 டிகிரியில் கொதிக்கிறது. காயிலில் தண்ணீர் உறையாமல் இருக்க அழுத்தம் அதற்குக் கீழே போகாமல் நிற்க வேண்டும், அதனால்தான் லோ சைடு 30 முதல் 45 வரை என்கிறோம். ஹை சைடில் கண்டென்சர் வெளிக்காற்றைவிடச் சூடாக இருந்தால்தான் வெப்பம் வெளியே போகும். 35 டிகிரி வெயிலில் உள்ளே 55, 60 டிகிரி தேவை. அந்த வெப்பத்தில் ஆர்134ஏ 200 முதல் 230 பிஎஸ்ஐ வரை வரும். வெயில் கூடினால் ஹை சைடும் கூடும், அது கோளாறு அல்ல.

இரண்டு பக்கமும் குறைவு என்றால் கேஸ் குறைவு. வென்ட்டில் ஒரு ஓரம் குளிர்ந்து மறு ஓரம் வெதுவெதுப்பாக வருவதும் இதன் அடையாளம், காயிலின் பாதிக்குத்தான் திரவக் கேஸ் எட்டுகிறது. இரண்டும் அதிகம் என்றால் அதிகக் கேஸ், அல்லது கண்டென்சருக்குக் காற்றில்லை, அல்லது உள்ளே காற்று புகுந்திருக்கிறது. லோ சைடு ஏறி ஹை சைடு இறங்கி, இரண்டும் ஒன்றையொன்று நெருங்கினால் கம்ப்ரசர் பம்ப் செய்யவில்லை. அளவு மாறும் கம்ப்ரசராக இருந்தால், முழுக் கம்ப்ரசரை மாற்றும் முன் அதன் வால்வைச் சோதிக்கச் சொல்லுங்கள். லோ சைடு பூஜ்யத்துக்குக் கீழே வேக்யூமுக்கே போனால் அடைப்பு. அதிலும், சிறிது நேரம் நன்றாக இருந்து, வேக்யூமுக்குப் போய், நிறுத்தி ஆறவிட்டால் சரியாகிறது என்றால் உள்ளே ஈரம் இருக்கிறது. எக்ஸ்பான்ஷன் வால்வின் துளையில் அந்த ஈரம் பனியாகி அடைக்கிறது. அதற்கு டிரையர் மாற்றி நீண்ட வேக்யூம் போட வேண்டும், அதாவது பம்ப் வைத்து உள்ளே இருக்கும் காற்றையும் ஈரத்தையும் உறிஞ்சி எடுக்க வேண்டும்.

லீக் தேடுவது

ஆயில் கேஸோடு சுற்றுகிறது என்றேன். அதனால் கேஸ் கசியும் இடத்தில் ஆயிலும் கசிந்து, அதில் தூசி ஒட்டிக் கருமையான பிசுக்காக நிற்கும். முதலில் டார்ச்சும் கண்ணும் போதும். கண்டென்சரின் கீழ்ப்பகுதியில் கல் பட்ட இடம், குழாய் சேரும் ஓ-ரிங் மூட்டு, ரப்பரும் அலுமினியமும் சேரும் நெரிப்பு, கம்ப்ரசரின் முன் சீல். சீல் கசிந்தால் கிளட்ச்சின் பின்னால் ஆயில் சிதறிய வட்டம் தெரியும்.

எல்லோரும் தவறவிடும் இடம், கேஜ் மாட்டும் சர்வீஸ் போர்ட். அதற்குள் டயர் வால்வில் இருப்பதைப் போன்ற சின்ன ஊசி இருக்கிறது. மூடியைக் கழற்றி ஒரு சொட்டு சோப்புத் தண்ணீர் விடுங்கள். சில நிமிடம் பொறுத்துப் பாருங்கள், ஒரே ஒரு குமிழி மெதுவாகப் பெரிதானாலும் லீக்தான். மூடிக்குள் இருக்கும் ரப்பர் வளையம் இருக்கிறதா என்றும் பாருங்கள். அந்த மூடி தூசி மறைப்பு மட்டுமல்ல, இரண்டாவது பூட்டும் அதுதான்.

கூலிங் காயில் கண்ணுக்குத் தெரியாது. ஆர்134ஏ காற்றைவிட மூன்றரை மடங்கு கனமானது, கீழே இறங்கித் தேங்கும். ஏசியை அணைத்துக் கால் மணி நேரம் கழித்து டிரெய்ன் குழாயின் வாயில் எலக்ட்ரானிக் டிடெக்டரை வைத்தால் சொல்லிவிடும். மற்ற இடங்களிலும் மூட்டின் அடிப்பக்கத்தில் தேடுங்கள். யூவி சாயம் போட்டிருந்தால் சில நாள் ஓட்டிவிட்டு இருட்டில் விளக்கு அடித்துப் பார்க்கலாம். முழுக்கக் காலியான வண்டியை உலர் நைட்ரஜன் ஏற்றிச் சோதிக்க வேண்டும். ஆக்சிஜன் கூடவே கூடாது, ஆயிலோடு சேர்ந்தால் வெடிக்கும். டயருக்கு அடிக்கும் காற்றும் வேண்டாம், ஈரத்தை உள்ளே தள்ளும்.

ஓட்டையை அடைப்பதாகச் சொல்லும் திரவங்களை நான் எந்த வண்டியிலும் ஊற்றுவதில்லை. எக்ஸ்பான்ஷன் வால்வையும், அடுத்து அந்த வண்டியில் மாட்டும் கேஸ் மெஷினையும் அவை அடைக்கும்.

வேக்யூமும் எடையும்

குழாயைத் திறந்தபின் வேக்யூம் போடாமல் கேஸ் ஏற்றக் கூடாது. 29 அங்குல (பாதரச அளவு) வேக்யூமில் தண்ணீர் சுமார் 25 டிகிரியிலேயே கொதித்து ஆவியாகி வெளியேறும். அரை மணி நேரமாவது ஓடட்டும், ஈரம் புகுந்த வண்டிக்கு இன்னும் அதிகம். அதன் பிறகு வால்வை மூடி முள் ஏறுகிறதா என்று பாருங்கள். ஆனால் முள் நின்றால் லீக்கே இல்லை என்று எடுத்துக்கொள்ள வேண்டாம். வேக்யூமில் உள்ளே தாக்குவது வெறும் 15 பிஎஸ்ஐ வெளியழுத்தம், ஓடும்போது வெளியே தள்ளுவது 200க்கு மேல்.

கேஸை எடையில்தான் போட வேண்டும். பானெட்டுக்குள் ஒட்டிய ஸ்டிக்கரில் எந்தக் கேஸ், எத்தனை கிராம் என்று இருக்கும். சிறிய கார்கள் 400, 500 கிராமிலேயே முடிந்துவிடும். அதில் 50 கிராம் கூடினால்கூடப் பத்தில் ஒரு பங்கு. கூடுதல் கேஸ் கூடுதல் குளிர் தராது, கண்டென்சரில் திரவம் தேங்கி ஹை சைடு ஏறிக் குளிர் குறையும். குழாய் வியர்க்கிறதா, கண்ணாடித் துளையில் குமிழி நின்றதா என்று பார்த்துக் கேஸ் ஏற்றும் முறை ஆர்134ஏவுக்கு ஒத்துவராது. இன்ஜின் ஓடும்போது ஹை சைடு வால்வைத் திறந்தால் அழுத்தம் டப்பாவுக்குள் திரும்பி அது வெடிக்கலாம், லோ சைடு வழியாக மட்டுமே ஏற்ற வேண்டும்.

பழைய கேஸைக் காற்றில் விடாதீர்கள். ஒரு கிலோ ஆர்134ஏ நூறு ஆண்டுக் கணக்கில் 1,430 கிலோ கார்பன் டை ஆக்சைடுக்குச் சமமாகப் பூமியைச் சூடாக்குகிறது. அதனால்தான் ஐரோப்பிய ஒன்றியத்தில் 2017 முதல் புதுக் கார்களில் அதற்கு இடமில்லை, ஆர்1234ஒய்எஃப் வந்துவிட்டது. அது லேசாகத் தீப்பற்றக்கூடியது, போர்ட்டும் மெஷினும் வேறு. ஒன்றில் மற்றதை ஏற்றவே கூடாது.

கம்ப்ரசர் ஆயில் பெரும்பாலும் பேக் (PAG) என்ற செயற்கை ஆயில், அது 46, 100, 150 என்று தடிமனில் வேறுபடும், கம்ப்ரசர்மேல் எழுதியிருப்பதைப் போட வேண்டும். திறந்து வைத்த பேக் ஆயில் டப்பா காற்றிலிருந்து ஈரத்தை உறிஞ்சிவிடும், மிச்சத்தை நான் அடுத்த வண்டிக்கு வைப்பதில்லை. ஓ-ரிங்கைத் திறந்த ஒவ்வொரு முறையும் புதிதாக, ஆயில் தடவி மாட்ட வேண்டும்.

கம்ப்ரசர் உள்ளே நொறுங்கி மாற்ற வேண்டிவந்தால், பழைய குழாயில் வெள்ளைத் துணியை நுழைத்துத் துடைத்துப் பாருங்கள். சாம்பல் நிறப் பசையும் மின்னும் துகளும் வந்தால் டிரையர், எக்ஸ்பான்ஷன் வால்வு, கண்டென்சர் மூன்றையும் மாற்றியாக வேண்டும். இன்றைய கண்டென்சரின் குழாய்கள் முடி நுழையும் அளவுக்கு மெல்லியவை, கழுவினாலும் துகள் முழுக்க வராது. புது கம்ப்ரசரை மட்டும் மாட்டினால் அதே துகள் அதையும் தின்றுவிடும்.

ஹைபிரிட், மின்சாரக் கார்களில் கம்ப்ரசரை பேட்டரியின் உயர் மின்னழுத்தம் ஓட்டுகிறது. ஆரஞ்சு நிற ஒயர் தெரிந்தால் கையை எடுத்துவிடுங்கள். அவற்றில் பலவற்றுக்கு பிஓஇ (POE) என்ற வேறு வகை ஆயில்தான். பேக் ஆயில் கலந்தால் மின்காப்பு கெட்டு வண்டியே பழுதுச் செய்தி காட்டி நின்றுவிடும். பயிற்சி பெற்றவர் மட்டும் தொட வேண்டிய இடம்.

வேலை முடிந்ததும் நடு வென்ட்டில் தெர்மாமீட்டரைச் செருகி, ஜன்னல்களை மூடி, உள்காற்றுச் சுழற்சியில், இன்ஜினை 1,500 சுற்றில் வைத்துப் பத்து நிமிடம் பாருங்கள். மிதமான வெயிலில் 5 முதல் 10 டிகிரி வரை வர வேண்டும், கடும் வெயிலிலும் புழுக்கத்திலும் இன்னும் சில டிகிரி கூடும். அந்த எண், அன்றைய வெளி வெப்பம், வெளியே எடுத்த கேஸ் எத்தனை கிராம், உள்ளே போட்டது எத்தனை கிராம், இவற்றை பில்லிலேயே எழுதி வாங்குங்கள். அடுத்த முறை கூலிங் குறைந்தால், வெளியே வரும் கேஸை எடை போட்டு அந்தக் கணக்கோடு ஒப்பிட்டால் லீக் இருக்கிறதா இல்லையா என்பது முதல் பத்து நிமிடத்தில் தெரிந்துவிடும்.